60 எக்ஸ் லூப் ரிவ்யூ: கெக்கோ ஆணா பொண்ணான்னு பாக்க இது நிஜமாவே தேவையா?

ரெப்டைல் சாமான் விக்குற சைட்ல "கெக்கோ செக்ஸிங் லூப்"னு தனியா பேர் போட்டு விக்குறாங்களே (கெக்கோன்னா வீட்டுல வளக்குற பல்லி வகை, லூப்னா கண்ணுல வச்சுப் பாக்குற குட்டி பூதக்கண்ணாடி), அந்த உள்ளங்கைக்குள்ள அடங்குற 60 எக்ஸ் லூப், அதைப் பத்திதான் இது. கூடவே சாதாரண 10 எக்ஸ் நகை பாக்குற லூப், கிட்டக்க வச்சுப் படம் எடுக்க போன்ல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ் ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். முடிவை முதல்லயே சொல்லிடுறேன், கடைசி வரைக்கும் படிக்க நேரம் இல்லாதவங்க இதோட போயிடலாம்: கிரெஸ்டட் கெக்கோ குட்டி வளக்குறீங்கன்னா 60 எக்ஸ் ஓரளவு உபயோகம், லெப்பர்ட் கெக்கோ மட்டும்தான் வச்சிருக்கீங்கன்னா இது தண்டம், 10 எக்ஸ் லூப்பும் ஒரு கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டப்பாவும் போதும்.

முதல்ல சாமானைப் பாப்போம். சின்ன பிளாஸ்டிக் உடம்பு, மூடியைத் தள்ளினா லென்ஸ் வெளிய வருது, தானா லைட் எரியுது. முன்னாடி ரெண்டு வெள்ளை எல்இடி, பக்கத்துல ஒரு ஊதா எல்இடி. அந்த ஊதாவைப் பாத்ததுமே விஷயம் புரிஞ்சிடும், அது யூவி லைட், ரூபா நோட்டு கள்ள நோட்டான்னு செக் பண்றதுக்கு வைக்குறது. அதாவது இது கெக்கோவுக்குன்னு யாரும் டிசைன் பண்ண சாமானே கிடையாது, நோட்டு, ஸ்டாம்ப், செடியில இருக்குற பூச்சின்னு எல்லாத்தையும் பாக்க விக்குற அதே பாக்கெட் மைக்ரோஸ்கோப், மேல பல்லி படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் புதுசு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பல்லி ஸ்டிக்கருக்காக கூட காசு கேட்டா குடுக்காதீங்க, ஸ்டிக்கர் இல்லாதது அதே வேலையைத்தான் செய்யும். யூவி பட்டனை கெக்கோ மேல அடிக்கவும் வேண்டாம். ராத்திரி வெளிச்சத்துக்கே பழகுன கண்ணு அதுங்களுக்கு, கிட்டக்க வச்சு யூவி அடிச்சா என்னாகும்னு சோதிச்சுப் பாக்க வேண்டிய அவசியம் இல்ல. (நமீப் பாலைவனத்துல இருக்குற வெப் ஃபுட்டட் கெக்கோவுக்கு யூவி லைட்ல உடம்போரத்துக் கோடும் கண்ணைச் சுத்தி இருக்குற வளையமும் பச்சையா ஒளிரும்னு 2021ல ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு, அதைப் படிச்சதுல இருந்து எனக்கும் கை அரிக்கத்தான் செய்யுது, இருந்தாலும் வேண்டாம்.)

அடுத்து அந்த 60ங்குற நம்பர். இங்கதான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. ஒத்தை லென்ஸ் லூப் எவ்வளவு பெருசு பண்ணும்னு ஒரு சின்ன கணக்கு இருக்கு, 250ஐ லென்ஸோட ஃபோக்கல் லெங்த்தால வகுத்தா போதும், மில்லிமீட்டர்ல. 10 எக்ஸ்னா 25 மில்லிமீட்டர் தூரத்துல ஃபோக்கஸ் ஆகும். அதே கணக்குப்படி நிஜமான 60 எக்ஸ்னா லென்ஸ் தோலுக்கு 4 மில்லிமீட்டர் பக்கத்துல வரணும். இந்த பாக்கெட் சாமான்ல உள்ள ரெண்டு லென்ஸ் இருக்குறதால கணக்கு கொஞ்சம் மாறும்தான், ஆனாலும் உள்ள தெரியுறதை ஒரு ஸ்கேல் கோடு வச்சு அளந்து பாத்தா டப்பா மேல போட்ட நம்பர் பக்கம்கூட வரல. "30 எக்ஸ் 21 மிமீ"ன்னு பொறிச்சு வர்ற மடக்கு லூப்பும் இதே கதைதான், 21ங்குறது லென்ஸோட அகலம், அவ்வளவு அகலமான ஒத்தை லென்ஸை வச்சுக்கிட்டு 30 எக்ஸ்லாம் சாத்தியமே இல்ல, நல்ல நாள்லயே அது 10க்கு கிட்டத்தட்டதான் நிக்கும். ஆனா கெக்கோ பாக்குறவங்களுக்கு இது ஒரு வகையில நல்லதுதான், ஏன்னா நிஜமாவே 60 எக்ஸ் இருந்திருந்தா மூச்சு விட்டாக்கூட ஃபோக்கஸ் போயிடும், உயிரோட அசையுற ஒரு ஜந்துவை அதுல பாக்கவே முடியாது.

சரி, எதைப் பாக்குறோம்னு தெரியாதவங்களுக்காக. கெக்கோவைக் கவுத்துப் பாத்தா பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, வாலு ஆரம்பிக்குற இடத்துல ஒரு குறுக்குக் கோடு மாதிரி வென்ட் இருக்கும், கழிவும் முட்டையும் வெளிய வர்ற வாய் அது. அதுக்கு கொஞ்சம் மேல, வயித்துப் பக்கம், ஆணுக்கு ஒரு வரிசையா செதில் நடுவுல துளை இருக்கும். அதுல இருந்து மெழுகு மாதிரி ஒண்ணு சுரக்கும், வாசனையால இடத்தை அடையாளம் வைக்குறதுக்கு. லெப்பர்ட் கெக்கோவுல அந்த வரிசை கவுத்துப் போட்ட "வி" மாதிரி, நல்லா வளந்த ஆணுக்கு வெறும் கண்ணுக்கே தெரியும், ஒவ்வொரு துளையிலயும் மஞ்சப் பழுப்பா ஒரு மெழுகுப் புள்ளி அடைச்சிருக்கும். பொண்ணுக்கும் அதே இடத்துல அதே வி வரிசை செதில் லேசா இருக்கும், ஆனா வெறும் குழி, மெழுகு இருக்காது. இந்த வெறும் குழியைப் பாத்துட்டு "ஆண்தான்"னு அடிச்சு சொல்றவங்க எக்கச்சக்கம். கிரெஸ்டட்ல துளை ரொம்ப பொடிசு, சில வரிசையா இருக்கும், செதில் ஒவ்வொண்ணோட நடுவுலயும் ஊசி முனையால குத்துன மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். குட்டியா இருக்கும்போது அது வெறும் கண்ணுக்கு சுத்தமா தெரியாது, அதனாலதான் லூப்புங்குற பேச்சே கிரெஸ்டட் வளக்குறவங்ககிட்ட இருந்து பரவுச்சு, அப்புறம் எல்லா கெக்கோவுக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

கிரெஸ்டட்ல 60 எக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னா, அதுக்கு காலுல ஒட்டுற பேட் இருக்குல்ல, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள விட்டா கொஞ்ச நேரத்துல தானா சுவத்துல ஏறி ஒட்டிக்கும், வயிறு வென்ட் எல்லாம் பிளாஸ்டிக்ல அப்படியே அழுந்தி நிக்கும். வெளிப்பக்கத்துல இருந்து லூப்பை டப்பாவோட ஒட்டி வச்சா தூரம் தானா செட் ஆயிடுது, கையும் ஆடாது, கெக்கோவைத் தொட வேண்டிய வேலையே இல்ல. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் இந்த சாமானுக்கு பாஸ் மார்க் போடுவேன். டப்பா மெல்லிசா இருக்கணும், கீறல் இருக்கக் கூடாது, தடிச்ச அக்ரிலிக் டப்பா எடுத்தீங்கன்னா லென்ஸ் எட்டவே எட்டாது, எல்லாம் பனி மூட்டமாத்தான் தெரியும்.

இதுல ஒரு பெரிய பிரச்சனை அதோட சொந்த எல்இடிதான். லென்ஸுக்குப் பக்கத்துலயே லைட் இருக்குறதால பிளாஸ்டிக்ல பட்டு நேரா கண்ணுக்கே திரும்புது, போதாததுக்கு செதிலும் பளபளப்பா இருக்குறதால ஒவ்வொரு செதில் நடுவுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும், பாக்குறதுக்கு அச்சு அசல் துளை மாதிரியே இருக்கும், வரிசையா வேற இருக்கும். பொண்ணு குட்டிங்க ஆணாகுறது பாதி இப்படித்தான்னு நினைக்குறேன். இதுக்கு வழி ரொம்ப சிம்பிள்: லூப்போட லைட்டை அணைச்சுட்டு (இந்த மாடல்ல மூடியைப் பாதி தள்ளி நிறுத்தினா லைட் எரியாது, மேனுவல்ல இதெல்லாம் போட மாட்டாங்க) பக்கவாட்டுல இருந்து ஒரு டார்ச்சை சாய்ச்சு அடிங்க, அப்புறம் டார்ச்சை லேசா நகத்துங்க. மினுக்கலா இருந்தா புள்ளியும் கூடவே நகரும், நிஜத் துளையா இருந்தா அது இருந்த இடத்துலயே இருக்கும், ஒரு ஓரத்துல சின்னதா நிழலும் விழும். இதைப் பழகிட்டீங்கன்னா பாதிக் குழப்பம் தீந்துச்சு. தோல் உரிச்ச மறுநாள் பாக்குறது இன்னும் நல்லது, பழைய தோல் மங்கலா மூடியிருக்கும்போது எந்த லூப்பாலயும் ஒண்ணும் தெரியாது.

லெப்பர்ட் கெக்கோவுக்கு வந்தா கதை வேற. அதுக்கு ஒட்டுற பேட் கிடையாது, சுவத்துல ஏறாது, தரையில நடக்குற ஜாதி. டப்பாவுக்குள்ள விட்டு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு கீழ இருந்துதான் பாக்கணும், வயித்தைத் தூக்கிக்கிட்டே நிக்கும், வென்ட் பக்கம் பிளாஸ்டிக்ல படவே படாது. 60 எக்ஸோட ஃபோக்கஸ் ஆழம் ஒரு பேப்பர் தடிமன் அளவுக்குத்தான் இருக்கு, பாக்குற வட்டமும் பட்டாணி அளவுகூட இல்ல, அது ஒரு அடி எடுத்து வச்சா நீங்க தொடை எது வாலு எதுன்னு தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இந்த இடத்துல 10 எக்ஸ் டிரிப்லெட் லூப் அடிச்சுத் தூக்குது. மூணு லென்ஸ் சேத்து ஒட்டுனதால ஓரத்துல கலர் பிசிறு இல்ல, படம் வளையுறதில்ல, ஒரு அங்குலம் தள்ளி நின்னே பாக்கலாம், மொத்த வி வரிசையும் ஒரே பார்வையில வந்துரும். லூப்பைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு டப்பாவைக் கிட்டக்க கொண்டு வரணும், நிறைய பேர் லூப்பை டப்பா பக்கத்துல வச்சுட்டு தூரத்துல இருந்து எட்டிப் பாக்குறாங்க, அப்படிப் பாத்தா எந்த லூப்பும் குப்பைதான். டப்பாவைத் தலைக்கு மேல தூக்கும்போது வாயை மூடிக்கோங்க, அதுங்க டென்ஷன்ல என்ன பண்ணும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இப்ப முக்கியமான விஷயம், இதை எந்த லூப் விக்குறவனும் டப்பால எழுத மாட்டான். துளையும் மெழுகும் தெளிவா தெரிஞ்சா அது ஆண், அதுல சந்தேகமே இல்ல. ஆனா துளை தெரியலன்னா அது பொண்ணுன்னு அர்த்தம் இல்ல, "இன்னும் தெரியல"ன்னு மட்டும்தான் அர்த்தம். கிரெஸ்டட் குட்டி 3 கிராம் தாண்டும்போது சில ஆணுல துளை தெரிய ஆரம்பிக்கும், சிலது மெதுவா வளரும், 10 கிராம் பக்கம் வந்தப்புறமும் நல்ல லைட்ல பல தடவை பாத்து ஒண்ணுமே இல்லன்னாதான் பொண்ணுன்னு பேச்சை எடுக்கலாம், அப்பவும் பென்சில்ல எழுதி வைங்க. லெப்பர்ட்ல 6 மாசம் வாக்குல பெரும்பாலும் தெளிவாயிடும். அதனால லூப்போட ஒரு கிராம் தராசும் வாங்குங்க, லூப்பைவிட அதுதான் தினமும் உதவும். பொரிச்சு சில நாளே ஆன குட்டியை "கன்ஃபர்ம்டு ஃபீமேல்"னு போட்டு அதிக விலைக்கு விக்குறவங்களைப் பாத்தா ஒரே கேள்வி கேளுங்க, எத்தனை கிராம்ல பாத்தீங்க, போட்டோ இருக்கான்னு. நல்ல பிரீடர் சந்தோஷமா அனுப்புவாரு, மத்தவங்க பேச்சை மாத்துவாங்க. எனக்கே அப்படி ஒருத்தர் "குணத்தைப் பாத்தாலே தெரியும் சார், சாதுவா இருந்தா பொண்ணு"ன்னு சொன்னாரு. தலை அகலம், வாலு தடிமன், குணம் இதெல்லாம் ஒரே வயசுல நாலஞ்சை பக்கத்துல வச்சுப் பாக்கும்போது ஒரு குத்துமதிப்புக்கு ஆகும், தனியா ஒண்ணை வச்சுக்கிட்டு சொன்னா அது ஜோசியம்.

புடைப்பைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா வளந்த கெக்கோவுக்கு லூப்பே வேண்டாம். ஆணுக்கு ரெண்டு உறுப்பு, ஹெமிபீனிஸ்னு சொல்லுவாங்க, ரெண்டும் வாலோட அடியில உள்ளுக்குள்ள மடங்கி இருக்கும், அதனால வென்டுக்குக் கீழ ரெண்டு உருண்டையா புடைச்சுத் தெரியும். கிரெஸ்டட் ஆணுக்கு இது அநியாயத்துக்குப் பெருசு, பக்கவாட்டுல இருந்து பாத்தாலே தெரியும். பொண்ணுக்கு அந்த இடம் தட்டையா இருக்கும். வென்டுக்கு ரெண்டு பக்கமும் ஓரத்துல முள்ளு மாதிரி ஒரு சின்ன ஸ்பர் இருக்கும், ஆணுக்குப் பெருசு, பொண்ணுக்கு சின்னது, ஆனா ரெண்டு பேருக்கும் உண்டு, அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. வீடியோல சிலபேர் வாலடியை அமுக்கி உறுப்பை வெளிய தள்ளிக் காட்டுறாங்க, பாம்புக் குட்டிக்குப் பண்றதை இங்கயும் பண்றது. தயவுசெஞ்சு வேண்டாம். உள்ள காயமாகும், அதுக்கும் மேல வாலைக் கழட்டிப் போட்டுரும். லெப்பர்ட்டுக்காவது வாலு திரும்ப முளைக்கும், கொஞ்சம் அவலட்சணமா. கிரெஸ்டட்டுக்கு போனா போனதுதான், ஜென்மத்துக்கும் முளைக்காது. டப்பாவுக்குள்ள விட்டுப் பாக்குற முறையை நான் இவ்வளவு தூரம் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

லூப்பெல்லாம் எதுக்கு, பறவைக்கு இறகை அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுக்குற மாதிரி எடுத்தா என்னன்னு கேக்குறவங்களுக்கு: லெப்பர்ட் கெக்கோவுக்கு அது நடக்காது, ஏன்னா அதுக்கு ஆண் பொண்ணு பிரிக்குற குரோமோசோமே கிடையாது, முட்டை எந்தச் சூட்டுல இருந்துச்சோ அதுதான் முடிவு பண்ணுது. 26 டிகிரி செல்சியஸ் பக்கம் வச்சா பெரும்பாலும் பொண்ணு, 32.5 பக்கம் வச்சா பெரும்பாலும் ஆண், இன்னும் ஏத்தி 34, 35க்குப் போனா திரும்பவும் பொண்ணு. இந்தக் கடைசி வகையை ஹாட் ஃபீமேல்னு சொல்லுவாங்க, கொஞ்சம் முரட்டு சுபாவம். "சாதுவா இருந்தா பொண்ணு"ங்குற தியரி இங்கயே அடிபட்டுப் போச்சு பாருங்க. முட்டையை எந்தச் சூட்டுல வச்சாங்கன்னு பிரீடர் சொன்னா அது ஒரு நல்ல துப்பு, ஆனா துப்பு மட்டும்தான், 32.5லயும் பொண்ணு வரும்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் பாக்கணும்னா, ரெண்டு ஆணை ஒரே கூண்டுல வச்சா வளந்ததும் சண்டையில ஒண்ணு வாலையோ உயிரையோ விடும். ஆணும் பொண்ணும் தெரியாம ஒண்ணா இருந்துட்டா, அந்தப் பொண்ணு இன்னும் எடையே போடாத வயசுல முட்டை சுமக்க ஆரம்பிச்சிடும், ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை, மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே இருக்கும், உடம்புல இருக்குற கால்சியம் எல்லாம் அதுலயே போயிடும், சிலதுக்கு முட்டை உள்ளயே சிக்கிக்கும். அதுக்கப்புறம் ஆணைப் பிரிச்சு வச்சாலும் கிரெஸ்டட் பொண்ணு உள்ள சேத்து வச்ச விந்தை வச்சே இன்னும் சில மாசம் கரு உள்ள முட்டை போடும். அதனால தெரியுற வரைக்கும் தனித்தனியா வைங்க, லூப் இருந்தாலும் இல்லன்னாலும்.

கிளிப் லென்ஸ் பத்தி ரெண்டு வரி. உங்க போன்லயே மேக்ரோ மோடு இருந்தா கிளிப் லென்ஸ் வேண்டாம், டப்பாவைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துட்டு அப்புறமா ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்திப் பாருங்க, அசையுற லெப்பர்ட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, நாலு பேர்கிட்ட காட்டிக் கேக்கவும் வசதி. மேக்ரோ இல்லாத பழைய போன்னா கிளிப் ஓகே, ஆனா கவருக்கு மேல மாட்டினா நகந்துக்கிட்டே இருக்கும். 60 எக்ஸ் லூப்புக்குள்ள போன் கேமராவை வச்சு எடுக்கலாம்னு விளம்பரத்துல காட்டுறாங்க, அதுக்கு மூணு கை வேணும். யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பும் இதே மாதிரி, ஸ்டாண்டுல வச்ச கல்லைப் பாக்க பிரமாதம், உயிருள்ளதுக்கு லாயக்கில்ல.

சாமானோட தரம் பத்தி: மூடியோட கீல் லொடலொடன்னு இருக்கு, ஃபோக்கஸ் சக்கரம் ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தளந்தும் இருக்கு, பட்டன் பேட்டரி மூடிக்குத் துளியூண்டு ஸ்குரூ, அதைக் கழட்ட குட்டி டிரைவர் தனியா வேணும். லென்ஸ் ஓரத்துல நீலப் பிசிறு தெரியுது, நடுவுல தெளிவா இருக்கு, துளை பாக்க நடுப்பகுதி போதும். அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுவும் கிரெஸ்டட்காரங்களுக்கு. 10 எக்ஸ் டிரிப்லெட்டுக்கு நாலரை.

மத்த வகை வச்சிருக்கவங்க வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. மோர்னிங் கெக்கோன்னா லூப்பே வேண்டாம், அது கிட்டத்தட்ட எல்லாமே பொண்ணு, ஆண் துணை இல்லாமலே முட்டை போட்டுப் பெருகுற இனம். டே கெக்கோவுக்கு துளை வரிசை தொடை நெடுக ஓடும், கண்ணாடியில ஒட்டும்போது வெறும் கண்ணாலயே பாக்கலாம், கழுத்துல ரெண்டு பக்கமும் வெள்ளையா கால்சியம் பை புடைச்சிருந்தா பெரும்பாலும் பொண்ணு. டோக்கே வச்சிருக்கீங்கன்னா எந்த லூப்பையும் எடுத்துக்கிட்டு பக்கத்துல போகாதீங்க, வளந்த ஆணோட துளை கூண்டுக் கண்ணாடி வழியா போன் ஜூம்லயே நல்லா தெரியும், அது கடிச்சா லேசுல விடாது.